பக்கத்து அறையில் படுத்தால் அது ஓய்வா? வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் களைப்பு பற்றி

ஒற்றைப்பிள்ளை | ஜனவரி 8, மாலை 4.10

அப்பாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய். கூட இருப்பது நான் மட்டும்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மதியம் அவர் தூங்கும்போது நானும் பக்கத்து அறையில் படுத்துவிடுகிறேன். கணக்குப்படி எனக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனால் எழும்போது படுத்தபோது இருந்ததைவிட அதிகக் களைப்பு. போன வாரம் ஒரே கேள்வியை அவர் திரும்பத் திரும்பக் கேட்டபோது கத்திவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "உன்னையும் பார்த்துக்கோம்மா" என்கிறார்கள். எப்படி என்று ஒருத்தரும் சொல்வதில்லை. உண்மையான பாசம் இருந்தால் இப்படிக் களைப்பு வருமா? இல்லை, எனக்குத்தான் பாசம் குறைந்துபோச்சா?

நடுச்சாமம் | ஜனவரி 8, இரவு 11.40

பாசத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல அந்த மதியத் தூக்கம்.

அது ஓய்வு இல்லம்மா, காவல். என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் கை கால் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு. வருஷக்கணக்கா நான்தான் பார்த்துக்கறேன். அவர் தூங்கும்போது நானும் படுப்பேன். கண்ணு மூடும், காது மூடாது. கட்டில் கிறீச்னா எழுந்திருப்பேன். ரொம்ப நேரம் சத்தமே வரலைன்னா, ஏன் வரலைன்னு பார்க்கவும் எழுந்திருப்பேன். இப்படி ரெண்டு மணி நேரம் கிடந்தா உடம்பு எப்படித் தேறும்?

நான் எனக்குன்னு வெச்சிருக்கற சோதனை ஒண்ணுதான். இந்த நிமிஷம் அவர் கீழே விழுந்தா யார் ஓடணும்? பதில் "நான்"னா, நான் வேலையில இருக்கேன். படுத்திருந்தாலும் வேலைதான், டிவி பார்த்துட்டு இருந்தாலும் வேலைதான். வேற ஒருத்தர் ஓடுவார்னு தெரிஞ்சு உட்கார்ந்தா, அது பத்து நிமிஷமே ஆனாலும் ஓய்வு.

அப்புறம், எல்லாத்தையும் மனசு மேலயே போட்டுடாதீங்க. ஒரு தடவை ரத்தப் பரிசோதனை எடுங்க. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12. பார்த்துக்கறவங்க தன் உடம்புக்கு டாக்டரிடம் போறதே இல்லை, போனாலும் நோயாளியோட ஃபைலைத் தூக்கிக்கிட்டுத்தான் போறோம். பாதிக் களைப்புக்குக் காரணம் ரத்தசோகைன்னு தெரிஞ்சா மாத்திரையிலயே போயிடும்.

நடுச்சாமம் | ஜனவரி 9, அதிகாலை 3.15

முழிப்பு வந்துடுச்சு. பேரைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

பாசம் பத்தி. 1980ல ஸ்டீவன் சாரிட்டுன்னு ஒருத்தரும் கூட வேலை பார்த்தவங்களும் சேர்ந்து, வீட்டில் பார்த்துக்கறவங்களோட பாரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் போட்டாங்க. முதல்ல 29 கேள்வி, பின்னாடி 22 ஆச்சு. ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. இன்னைக்கும் உலகம் பூராவும் அதைத்தான் அதிகமாப் பயன்படுத்தறாங்க. அதுல ஒரு கேள்வி, அவர் பக்கத்துல இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருதான்னு. இன்னொண்ணு, இந்தப் பொறுப்பை வேற யார்கிட்டயாவது விட்டுட்டுப் போயிடலாமான்னு தோணுதான்னு. இன்னொண்ணு, அவருக்கு இன்னும் அதிகமாச் செய்யணும்னு தோணுதான்னு.

கடைசியா சொன்னதைக் கவனிங்க. இன்னும் செய்யலையேங்கற குற்ற உணர்ச்சியும் அந்த 88க்குள்ளதான் வருது. "எனக்குப் பாசம் போதலையோ"ன்னு நீங்க கேட்டதே பாரத்தோட ஒரு பகுதி. கோபம் வர்றது பாசத்துக்கு எதிர்ச்சாட்சி இல்லை. பாசமே இல்லாதவங்க இந்நேரம் இந்தக் கேள்வியை எழுதிட்டு இருக்க மாட்டாங்க, எப்பவோ கழன்டிருப்பாங்க.

கூப்பிடறார். வரேன்.

நடுச்சாமம் | ஜனவரி 9, காலை 10.20

விட்ட இடத்துலேர்ந்து. நான் கோபத்தைவிட அதிகமாப் பயப்படறது வேற ஒண்ணுக்கு.

கிறிஸ்டினா மாஸ்லாக் வேலைக் களைப்பை அளக்கறதுக்கு 1981ல போட்ட அளவுகோல்ல மூணு பகுதி இருக்கு. மனசு வத்திப்போறது ஒண்ணு. என்ன செஞ்சும் பலனில்லைன்னு தோணறது ஒண்ணு. நடுவுல ஒண்ணு இருக்கு, எதிர்ல இருக்கறவங்க மனுஷங்களாவே தெரியாமப் போறது. ஒரு காலத்துல அவரைக் குளிப்பாட்டி, துடைச்சு, சட்டை மாத்தி, மாத்திரை கொடுத்து முடிச்சிருப்பேன். அவ்வளவு நேரத்துல ஒரு தடவைகூட முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். கோபமே இல்லை, ரொம்ப அமைதியா, கச்சிதமாச் செய்வேன். வெளியிலேர்ந்து பார்த்தவங்க "எவ்வளவு பொறுமை"ன்னு பாராட்டினாங்க. அது பொறுமை இல்லை, உள்ளே ஆளே இல்லை.

நீங்க கத்தினீங்கன்னா நீங்க இன்னும் அங்கேதான் இருக்கீங்க. நல்லதுன்னு சொல்லல. ஆனா நான் சொன்ன நிலைமையைவிட மேல்.

நடுச்சாமம் | ஜனவரி 9, மாலை 6.05

"தியானம் பண்ணலாமே"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். பண்ணலாம் சார். கண்ணை மூடினதும் உள்ளேர்ந்து ஒரு மணிச் சத்தம் கேட்கும். ஆன்மா இல்லை, அவர் கட்டில்ல நான் கட்டிவெச்ச அழைப்பு மணி.

நடுச்சாமம் | ஜனவரி 11, மதியம் 2.30

உறவுக்காரங்க உதவறதில்லைன்னு பல பேர் எழுதியிருக்கீங்க. எல்லாரையும் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனா ரெண்டு விதமா உதவ வர்றாங்க, அதைப் பிரிச்சுப் பார்த்துட்டுத் திட்டலாம்.

"என்ன வேணும்னு சொல்லு, வாங்கித் தர்றேன்" இது ஒரு விதம். இதுல மாத்திரை தீரப்போகுதுன்னு கவனிக்கறது நான், எந்த மாத்திரைன்னு எழுதறது நான், ஞாபகப்படுத்தறது நான், வந்ததும் சரிபார்க்கறது நான். கடைக்கு நடந்தது மட்டும் அவங்க. நடக்கறதா எனக்குக் கஷ்டம்? அந்த நடை எனக்குக் கிடைச்சிருந்தா காத்தாவது வாங்கியிருப்பேன்.

"இனிமே மாத்திரை உன் பாடு"ன்னு நாம சொல்லி அவங்க முழுசா எடுத்துக்கறது இன்னொரு விதம். என் கொழுந்தனார் வேற நாட்டுல இருக்கார். ரொம்ப நாள் மாசாமாசம் கூப்பிட்டு "ஏதாவது வேணுமா அண்ணி"ன்னு கேட்பார், நானும் "ஒண்ணும் வேண்டாம் தம்பி, சமாளிக்கறேன்"பேன். ரெண்டு பேருக்கும் திருப்தி. அப்புறம் ஒரு நாள் மருந்துச் சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பி, மாத்திரை, டாக்டர் சந்திப்பு நேரம், பரிசோதனை முடிவுகள், இன்சூரன்ஸ் கடிதம் எல்லாம் இனி உங்க பொறுப்பு, நான் ஞாபகப்படுத்த மாட்டேன்னு சொன்னேன். அவ்வளவு தூரத்துலேர்ந்தே நடத்தறார். இப்போ எந்த மாத்திரை எப்போ தீரும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதுல இருக்கற சுகம் சொல்லி முடியாது.

அதனால கூப்பிட்டுக் கேட்கறவங்ககிட்ட சின்ன வேலையாக் கொடுக்காதீங்க. கவனிக்கறதுலேர்ந்து முடிக்கற வரைக்கும் ஒரு விஷயத்தை முழுசாத் தூக்கிக் கொடுங்க. கைவேலையைவிட, எப்பவும் எதையாவது நினைவில் வெச்சிருக்கறதுதான் நம்மைத் தின்னுது.

முழுசாக் கொடுத்தும் மறக்கறவங்களை, தாராளமாத் திட்டிக்கோங்க.

ஒற்றைப்பிள்ளை | ஜனவரி 11, இரவு 9.00

அக்கா, எனக்குக் கொழுந்தனாரும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பெயரே அதுதானே. இரவில் அப்பா பலமுறை எழுந்து நடமாடுகிறார். பகல் பிரச்சினையைவிட அதுதான் கொல்கிறது.

நடுச்சாமம் | ஜனவரி 12, அதிகாலை 4.40

அப்போ ராத்திரியைப் பேசுவோம். இதுக்கு நான் சரியான ஆள்.

ராத்திரி எழுப்பறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்கும். தலைமாட்டுல ஒரு தாள் வெச்சு, எழுந்த நேரம், எதுக்கு எழுந்தார், எது பண்ணினதும் தூங்கினார், இந்த மூணை மட்டும் எழுதுங்க. கொஞ்ச நாள்ல ஒரு ஒழுங்கு தெரியும். எனக்குத் தெரிஞ்சது, பாதி ராத்திரி சிறுநீர்தான்.

சிறுநீர் அதிகம் பிரியறதுக்கான மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கறீங்களா? காலைக்கு மாத்தலாமான்னு டாக்டரைக் கேளுங்க. நீங்களா மாத்தக் கூடாது. தண்ணீரைப் பகல்லயே நல்லாக் கொடுத்துட்டு, படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மணி நேரம் குறைச்சுப் பாருங்க. மொத்தத்தைக் குறைக்காதீங்க, நீர் வத்தினா குழப்பம் இன்னும் கூடும். படுக்கப்போறப்போ ஒரு தடவை கழிவறைக்குக் கூட்டிட்டுப் போங்க. கட்டில் பக்கத்துலயே கமோட் நாற்காலி இருந்தா பாதி நடை மிச்சம்.

டிமென்ஷியாவுல சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறையப் பதற்றம் ஏறும். இருட்டறதுக்கு முன்னாடியே விளக்கைப் போட்டுடுங்க. ராத்திரி கழிவறை வழியில மங்கலா ஒண்ணு எரியட்டும்.

முக்கியமா இது. நேத்து வரைக்கும் ஒரு மாதிரி இருந்தவர் திடீர்னு ஒண்ணு ரெண்டு நாள்ல ரொம்பக் குழம்பினா, "வியாதி முத்திடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. டிமென்ஷியா அப்படி ஒரே நாள்ல தாவாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, புதுசாச் சேர்த்த மாத்திரை, இதுல ஏதாவது ஒண்ணா இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டணும். அதைச் சரி பண்ணினா அவருக்கும் நல்லது, உங்க ராத்திரியும் திரும்ப வரும்.

இப்போ நீங்க என்னைத் திட்டப் போற விஷயம். அந்த மதியத் தூக்கத்தைச் சுருக்குங்க. அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம். பகல்ல ரெண்டு மணி நேரம் தூங்கினவர் ராத்திரி ஏன் தூங்கணும்? காலையில வெளிச்சத்துல உட்கார வைங்க, கொஞ்சம் நடக்க வைங்க. உங்க மதிய "ஓய்வு" போகும். அது எப்படியும் ஓய்வு இல்லைன்னு முதல் நாளே சொல்லிட்டேனே.

நடுச்சாமம் | ஜனவரி 12, காலை 11.00

படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பத்தி ரெண்டு பேர் தனியாக் கேட்டிருந்தாங்க. அவங்களுக்குக் கணக்கு வேற. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும்னுதான் வழக்கமாச் சொல்லித் தருவாங்க. ராத்திரி பூரா அதைத் தனியாளா ஒருத்தர் செய்ய முடியாது. காற்று மெத்தை போட்டா ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமான்னு, அவங்க தோலைப் பார்த்துட்டு நர்ஸ் சொல்லணும். மெத்தை இருக்கேன்னு திருப்பாமலே விட்டுடக் கூடாது. முழுசா ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னாடி தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்ச்சாப் போதும், இடுப்பெலும்பு மேல பாரம் விழாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வெச்சுக் குதிகால் மெத்தையில படாம விடுங்க. படுக்கைப் புண் வந்துட்டா அதுக்கு அப்புறம் நீங்க பார்க்கற வேலை இப்போ இருக்கறதைவிடப் பல மடங்கு.

இதெல்லாம் நோயாளிக்கான குறிப்பு, களைப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். நோயாளிக்கு வர்ற ஒவ்வொரு சிக்கலும் நம்ம தூக்கத்துலேர்ந்துதான் கழியுது.

நடுச்சாமம் | ஜனவரி 14, இரவு 8.45

ஒருத்தர் வந்து "பார்த்துக்கறவங்க 63 சதவீதம் சீக்கிரம் செத்துப்போறாங்க, ஆராய்ச்சி சொல்லுது"ன்னு போட்டுட்டுப் போயிட்டார். நடுராத்திரியில தனியா முழிச்சிருக்கறவங்க படிக்கற இடத்துல.

அந்த ஆராய்ச்சி உண்மைதான். ஷுல்ஸ், பீச்னு ரெண்டு பேர் 1999ல வெளியிட்டது. 66லேர்ந்து 96 வயசுக்குள்ள இருக்கறவங்க, கணவனையோ மனைவியையோ பார்த்துக்கறவங்க, நாலு வருஷம் தொடர்ந்தாங்க. அந்த 63, யாரையும் பார்த்துக்காதவங்களைவிட இறக்கும் அபாயம் எத்தனை சதவீதம் கூடுதல்ங்கற கணக்கு. அதுவும் பார்த்துக்கறதோட அதனால பாரமும் படறோம்னு சொன்னவங்களுக்கு மட்டும். பாரமாத் தெரியலைன்னு சொன்னவங்களுக்கு அப்படி ஒண்ணும் கூடல. "அபாயம் 63 சதவீதம் கூடுதல்"ங்கறதையும் "63 சதவீதம் பேர் செத்துப்போறாங்க"ங்கறதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாது.

அதோட நிக்கல. 2013ல அமெரிக்காவுல இன்னொண்ணு வந்தது. பார்த்துக்கற 3,503 பேர், அவங்களுக்கு எல்லா விதத்துலயும் ஈடா, ஆனா யாரையும் பார்த்துக்காத 3,503 பேர். சராசரி 6 வருஷம் தொடர்ந்ததுல, பார்த்துக்கறவங்க இறப்பு விகிதம் 18 சதவீதம் *குறைவு*. ஆக, பார்த்துக்கறது ஆளைக் கொல்லறது இல்லை. எப்படி, எவ்வளவு நேரம், எவ்வளவு தனியாங்கறதுலதான் விஷயம் இருக்குன்னு நான் புரிஞ்சுக்கறேன்.

உடம்பு பாதிக்கவே படாதுன்னும் சொல்ல வரல. 1995ல டிமென்ஷியா நோயாளியைப் பார்த்துக்கற 13 பெண்கள் கையில, அவங்க சம்மதத்தோட ஒரு சின்னக் காயம் பண்ணி எப்போ ஆறுதுன்னு பார்த்தாங்க. அவங்களுக்கு ஆற 48.7 நாள், மத்தவங்களுக்கு 39.3 நாள். சின்ன ஆராய்ச்சிதான். ஆனா நாங்க சும்மா "மனசுல நினைச்சுக்கறோம்"னு சொல்றவங்களுக்கு இதைக் காட்டலாம்.

நடுச்சாமம் | ஜனவரி 15, காலை 9.30

முதுகு வலின்னு கேட்டவருக்கு: நோயாளியைத் தூக்கறதுல ஒரு ஆளுக்கு 16 கிலோ வரைக்கும்தான் பாதுகாப்புன்னு ஒரு கணக்கு, மருத்துவமனை ஊழியர்களுக்காகப் போட்டது. பெரியவங்க ஒருத்தரோட ரெண்டு காலைச் சேர்த்துத் தூக்கினாலே அதைத் தாண்டிடலாம். அதனால தூக்காதீங்க. வழுக்குத் துணி போட்டு நகர்த்துங்க, இடுப்புல பெல்ட் கட்டிப் பிடிங்க, நாற்காலியை நல்ல கை, நல்ல கால் இருக்கற பக்கமாப் போடுங்க. ஸ்ட்ரோக் வந்த கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, தோள் இறங்கிடும். பிசியோ வந்தா நோயாளிக்கு மட்டும் பயிற்சி சொல்லிட்டுப் போக விடாதீங்க. "எனக்குச் சொல்லிக் கொடுங்க, எப்படி எழுப்பணும்"னு நிறுத்தி வைங்க.

என் வீட்டுக்காரர் என்னைவிட எடை ஜாஸ்தி. கல்யாணத்தப்போ இதை யாரும் பொருத்தம் பார்க்கல.

நடுச்சாமம் | ஜனவரி 17, இரவு 10.15

வீட்டுக்கு ஆள் வெச்சும் களைப்பு போகலைன்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. படிச்சதும் சிரிச்சுட்டேன். எங்க வீட்டுக்கு ஹோம் நர்ஸ் வந்த புதுசுல நான் அந்தப் பொண்ணு பின்னாடியே நடந்துட்டு இருந்தேன். தலையணை இப்படி இல்லை, துண்டு அது இல்லை, அவர் "வேண்டாம்"னு தலையாட்டினா பாதி நேரம் வேணும்னு அர்த்தம் (ஸ்ட்ரோக்ல பேச்சு போனவங்களுக்கு ஆமாவும் இல்லையும் மாறிப்போறது உண்டு). வேலை பார்க்கறது அவ, மேற்பார்வை பார்க்கறது நான். ரெண்டு பேரும் களைச்சுட்டோம்.

முன்னாடி "முழுசாத் தூக்கிக் கொடுங்க"ன்னு எழுதினேன். கொழுந்தனார் தூரத்துல இருந்ததால அது சுலபமா நடந்தது. கண்ணு முன்னாடி ஒருத்தர் நம்ம மாதிரி இல்லாம செய்யறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கறது வேற விஷயம். அதுக்குத் தனியா ஒரு வைராக்கியம் வேணும்.

எனக்கு உதவினது, எதுல விட்டுக்கொடுக்கவே மாட்டேன்னு முடிவு பண்ணி ஒரே பக்கத்துல எழுதி ஒட்டினது. நிமிர்ந்து உட்கார வெச்சுத்தான் ஊட்டணும், ஊட்டி முடிச்சும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது, இல்லைன்னா புரையேறி நெஞ்சுக்குப் போயிடும். மாத்திரை நேரம். திருப்பற நேரம். இருமல், காய்ச்சல், முகம் ஒரு பக்கம் கோணறது, இதுல எது வந்தாலும் உடனே கூப்பிடணும். அவ்வளவுதான் பட்டியல். சட்டைப் பொத்தானை மேலேர்ந்து போடறதா கீழேர்ந்து போடறதா, தலையை எந்தப் பக்கம் வாரறது, இதெல்லாம் பட்டியல்ல இல்லை. பட்டியல்ல இல்லாததுக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன்னு முடிவு.

அந்தப் பொண்ணு வாரி விட்டா அவர் முகம் நல்லாத்தான் இருக்கு. சொல்லிக்க மாட்டேன்.

நடுச்சாமம் | ஜனவரி 18, காலை 7.50

ஒரு தகவல், சிரிக்கறதுக்கு. 2019ல உலக சுகாதார நிறுவனம் வேலையினால வர்ற இந்தத் தீய்ஞ்சுபோற நிலையை (பர்ன்அவுட்) நோய்ப் பட்டியலோட 11ஆம் பதிப்புல விளக்கி எழுதினாங்க. நோய்னு சொல்லல, "தொழில் சார்ந்த நிலை"ன்னு. தொழில் தவிர வாழ்க்கையோட மத்த விஷயங்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னும் சேர்த்து எழுதியிருக்காங்க. நமக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை, பட்டியல்லயும் இடமில்லை.

இத்தனைக்கும் அதே நிறுவனம்தான் சொல்லுது, டிமென்ஷியா நோயாளிகளைக் குடும்பத்துக்காரங்களும் நண்பர்களும் சராசரியா ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பார்த்துக்கறாங்க, பராமரிப்பு நேரத்துல 70 சதவீதம் பெண்களுடையதுன்னு. ஐசப்போர்ட்டுன்னு ஒரு பயிற்சிக் கையேடும் பார்த்துக்கறவங்களுக்காகவே போட்டிருக்காங்க. அதுக்காக மன்னிச்சுடலாம்.

நடுச்சாமம் | ஜனவரி 18, மதியம் 1.20

இது சிரிக்கறதுக்கு இல்லை.

களைப்பு வேற, மனச்சோர்வு நோய் வேற. வேற யாராவது பார்த்துக்கிட்டு நீங்க நல்லாத் தூங்கி எழுந்தா கொஞ்சம் தேறுதுன்னா களைப்பு. தூங்கியும் தேறல, முன்னாடி பிடிச்ச எதுவுமே பிடிக்கல, ரெண்டு வாரத்துக்கு மேல அநேகமா எல்லா நாளும் இப்படியே போகுதுன்னா டாக்டரிடம் போங்க. 9 கேள்வி கேட்பாங்க, 27க்கு மதிப்பெண். 10ஓ அதுக்கு மேலயோ வந்தா மேற்கொண்டு பேசியே ஆகணும். மருந்து இருக்கு, பேச்சு சிகிச்சை இருக்கு, பலன் தருது. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இந்த மனச்சோர்வு வருது. அதனால வீட்டில ரெண்டு பேருக்குமே இருக்கலாம். எங்க வீட்டில இருந்தது.

சாகணும்னு தோணினாலோ, அவரை ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயம் வந்தாலோ அன்னைக்கே சொல்லுங்க, டாக்டரிடமோ நெருங்கினவங்ககிட்டயோ. கை ஓங்கற அளவுக்குப் போயிட்டா, அவர் விழாதபடி பாதுகாப்பா உட்கார வெச்சுட்டு, அறையை விட்டு வெளியே போயிடுங்க. அஞ்சு நிமிஷம் அவர் கத்தினா கத்தட்டும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு யாரையாவது போன்ல கூப்பிடுங்க. இதை வெளியே சொல்றவங்களால ஆபத்து குறைவு, மூடி வெச்சுக்கறவங்களாலதான் அதிகம்.

நடுச்சாமம் | ஜனவரி 21, இரவு 11.55

"அப்பா இன்னைக்கு என்னை யாருன்னு கேட்டார்"னு ஒற்றைப்பிள்ளை எழுதினதுக்கு உடனே பதில் போட முடியல.

பாலின் பாஸ்னு ஒரு ஆய்வாளர் 1970கள்லேர்ந்து இதைப் பத்தி எழுதறாங்க. ஆள் எதிர்ல இருக்கார், ஆனா இல்லை. இல்லை, ஆனா இருக்கார். முடிவு தெரியாத இழப்பு. யாராவது இறந்துட்டா ஊர் கூடும், அழலாம், லீவு கிடைக்கும். இதுல அழுதா "உசுரோட இருக்கறப்போ ஏன் அழறே"ம்பாங்க. துக்கத்தை இறக்கி வைக்கவே இடம் கிடையாது. இந்தக் களைப்புல ஒரு பங்கு வேலையால வர்றதே இல்லை, இதனால வர்றது. தூங்கினா இது போகாது. அதைத் துக்கம்னு ஒத்துக்கிட்டாக் கொஞ்சம் இளகுது, எனக்கு இளகிச்சு.

என் வீட்டுக்காரருக்கு என்னைத் தெரியும். ஆனா பேர் வராது. ராத்திரி கூப்பிடும்போது அவர் வாயில வர்ற சத்தம் என் பேர் இல்லை, அவங்க அம்மாவைக் கூப்பிடற சத்தம். ரொம்ப நாள் அது எனக்கு வலிச்சது. இப்போ வலிக்கறதில்லைன்னு எழுத வந்தேன், இல்லை, கொஞ்சம் வலிக்குது.

யாருன்னு அவர் கேட்டா பரீட்சை வைக்காதீங்க. "நான் யார் சொல்லுங்க பார்ப்போம்" வேண்டாம். "நான்தாம்ப்பா, உங்க பொண்ணு"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுங்க.

ஒற்றைப்பிள்ளை | பிப்ரவரி 2, மாலை 7.30

அக்கா, சித்தப்பா மகனிடம் கேட்டேன். கேட்க இவ்வளவு காலம் ஏன் தயங்கினேன் என்று தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் முழுக்க வந்து பார்த்துக்கொள்கிறான். மதியத் தூக்கத்தைச் சுருக்கியதில் இரவு கொஞ்சம் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு, மாத்திரை தொடங்கியாச்சு. ஆனால் முதல் சனிக்கிழமை வெளியே போய் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமா? சொன்னால் காலையிலிருந்தே "எங்கே போறே" என்று ஆரம்பித்துவிடுகிறார்.

நடுச்சாமம் | பிப்ரவரி 2, இரவு 9.10

ஹீமோகுளோபின்! நல்லது, தொடர்ந்து சாப்பிடுங்க. நடுவுல நிறுத்திடாதீங்க.

போனுக்கு ஒரே ஒரு விதி. அவன் கூப்பிடலாம், நீங்க கூப்பிடக் கூடாது. அவன் கூப்பிடலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம், இதை அவன்கிட்டயும் சொல்லி வைங்க. நீங்க கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா காவலை வீட்டில விட்டுட்டுப் போகல, பையில போட்டு எடுத்துட்டுப் போறீங்க.

அந்த நேரத்துல பேங்க் வேலை, கடை வேலைன்னு முடிக்கப் பார்ப்பீங்க, எனக்குத் தெரியும். ஒரு வாரம் அதுக்கு, ஒரு வாரம் தூக்கத்துக்குன்னு வெச்சுக்கோங்க. முடிஞ்சா அவன் வீட்டிலயே போய்ப் படுத்துத் தூங்குங்க. அவன் இங்கே, நீங்க அங்கே.

அப்பாகிட்ட காலையிலயே சொல்லாதீங்க, கிளம்பும்போது சொல்லுங்க. சின்னதா, "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்ப்பா, தம்பி இருக்கான்." சொல்லாம நழுவாதீங்க. சில பேர் நழுவறதுதான் நல்லதுங்கறாங்க, எனக்கு ஒப்பல. திடீர்னு காணோம்னா தேட ஆரம்பிப்பார், அந்தப் பதற்றத்தை அந்தப் பையன் தனியாச் சமாளிக்கணும். நீங்க கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே அவன் வந்து அப்பாகூட ஏதாவது செய்ய ஆரம்பிச்சுடட்டும், துணி மடிக்கறது மாதிரி ஏதாவது கைவேலை. அவர் அதுல மும்முரமா இருக்கறப்போ நீங்க சொல்லிட்டுக் கிளம்பிடலாம்.

இன்னொண்ணு, அவனுக்கும் காய்ச்சல் வரும், வேலை வரும். அவனால முடியாத சனிக்கிழமை யார் வர்றதுன்னு இப்பவே இன்னொருத்தரைக் கேட்டு வைங்க. அவங்களும் ஒரு தடவை வந்து, அவன் இருக்கும்போதே பார்த்துப் பழகிக்கட்டும்.